கோகிலவாணி ஓட்டினால் மட்டும்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் பெண்டாட்டிக்கே கார் ஓட்ட வரவில்லை என்று ஊர் பேசினால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? கோகிலவாணி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

அவள் கணவர் சம்பத்குமார் பொள்ளாச்சியில் பாதிப் பேருக்கு ஸ்டீரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். கோயமுத்தூரில் கார்கள் தாமாகவே ஓட ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் அவை பொள்ளாச்சி எல்லைக்குள் வந்ததும் தேங்காய் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, முந்துவதா வேண்டாமா என்று யோசித்தே பொழுதைக் கழித்துவிடும். சந்தை நாளில் மாடுகளைப் பார்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம், நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிடும். அதனால் இந்த ஊரில் மனிதக் கைக்கு இன்னும் மரியாதை இருந்தது. மாஸ்டருக்கும் இருந்தது.

அந்த மாஸ்டர்தான் மனைவிக்கென்று ஒரு பழைய கார் வாங்கினார். எத்தனாலில் ஓடுகிற கடைசித் தலைமுறைக் கார், அரக்கு நிறம். ஆனைமலைப் பக்கம் ஒரு பெரியவர் வைத்திருந்தது என்றான் புரோக்கர். வாங்கிய அன்றே டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தார். தொல்லை மறுநாளே ஆரம்பித்தது.

மகாலிங்கபுரத்தைத் தாண்டும்போது ஸ்டீரிங் அவள் கையில் நடுங்கியது. பெரிய குலுக்கல் ஒன்றும் இல்லை. குளிரில் நனைந்து வந்த பிள்ளையின் கையைப் பிடித்தால் ஒரு உதறல் தெரியுமே, அந்த அளவுதான். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. பிரேக்கை லேசாகத் தொட்டாலே மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி நின்றது. மார்க்கெட் ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் விளக்கு எரிந்தது. அடுத்து ஸ்டீரிங் விளக்கு, பிரேக் விளக்கு, அப்புறம் அவளுக்குப் பெயர் தெரியாத இன்னும் சில. டேஷ்போர்டு கார்த்திகை தீபம் போல் ஜொலித்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் சாவியை வாங்கிக்கொண்டு பக்கத்திலிருந்த ஊத்துக்குளி வரை போய்விட்டுத் திரும்பினார். ஒரு விளக்குகூட எரியவில்லை.

"வெண்ணெயாட்டம் போகுது அம்மணி. நீ என்ன பண்ணித் தொலைச்ச?"

"ஸ்டீரிங் நடுங்கலீங்களா?"

"துளிகூட இல்ல. உனக்குப் பயம். பயந்தவ கையில எந்த ஸ்டீரிங்கும் நடுங்கத்தான் செய்யும்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அடுத்த நாளும் அதே கதைதான். அவள் ஓட்டினால் எல்லாக் கோளாறும் வரும். அவர் உட்கார்ந்தால் கார் பசுமாடு மாதிரி அடங்கிப் போகும்.

கோட்டூர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற தாஜுதீனிடம் காரைக் கொண்டுபோய் விட்டாள். அவனும் மாஸ்டரிடம் ஓட்டப் பழகியவன்தான். ஸ்கேனரைச் செருகியவன், திரையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"என்ன தாஜு?"

"ஸ்டீரிங் சென்சார் செத்துப்போச்சுங்குது. ஆக்ஸிலேட்டர் பெடல் சென்சாரும் செத்துப்போச்சாமா. பிரேக் சென்சார், காத்து அளக்கற சென்சார், அதுவும் போச்சாமா. ஏழு எரர் கோடு காட்டுதுங்க்கா."

"ஏழு சாமானும் ஒரே நாள்ல போகுமா?"

"போகாது. இத்தனை கோடு ஒண்ணா வந்தா ஏழு கோளாறு இல்லீங்க்கா, எங்கியோ ஒரு கோளாறுதான் இருக்கும். பேட்டரி வீக்கா இருக்கலாம், எர்த் சரியாப் புடிக்காம இருக்கலாம், எலி வயரைக் கடிச்சிருக்கலாம். ஒண்ணு கெட்டா மத்ததெல்லாம் சேர்ந்து கத்தும்."

நல்ல பேச்சுதான். அந்த ஒன்றைத்தான் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. பேட்டரியை மாற்றினான். எர்த் வயரைக் கழற்றித் தேய்த்து மாட்டினான். எலிக்கூடு ஒன்று கிடைத்தது. எலி வயரைத் தொடாமல் குடித்தனம் மட்டும் நடத்தியிருந்தது. கடைசியில் ஸ்டீரிங் சென்சாரையே புதிதாகப் போட்டான். புது சென்சாரும் செத்துவிட்டதாக ஸ்கேனர் சொன்னது. செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட அத்தனை சென்சாரையும் கழற்றி மேஜைமேல் வைத்துப் பார்த்தால் எல்லாம் உயிரோடு இருந்தன. தாஜுதீன் தானே ஓட்டிப் பார்த்தான். அவனுக்கும் ஸ்டீரிங் நடுங்கியது, விளக்குகள் எரிந்தன. கோகிலவாணிக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

சாயங்காலம் மாஸ்டர் வந்து காரை எடுத்தார். ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்தார். ஒன்றுமே இல்லை.

"எனக்கே மண்டை காயுது மாஸ்டர்" என்றான் தாஜுதீன்.

கோகிலவாணியின் நாத்தனார் ரங்கநாயகி ஒரே வார்த்தையில் விஷயத்தை முடித்துவிட்டாள். "இந்த வண்டி உனக்கு ராசி இல்ல கோகிலா. தம்பிக்குத்தான் ராசி. சில வண்டி அப்படித்தான். எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளை வண்டியே ஆகாது, தெரியுமில்ல?" மாஸ்டரும் ஆமாம் என்று தலையாட்டினார். தாஜுதீன்கூட வேறு வழி தெரியாமல் அரை மனதாக ஆமோதித்தான். ராசி என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் பானட்டைத் திறக்க வேண்டியதில்லை அல்லவா? அன்றிலிருந்து காரை மாஸ்டரே எடுத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் போய் அதில் உட்கார்ந்து, ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடி வரை போய்விட்டு வருவார். முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

கோகிலவாணிக்கு நிம்மதி போயிற்று. எல்லாரும் சேர்ந்து சொன்னால் யாருக்கும் தன்மேலேயே சந்தேகம் வரும். கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கையை நீட்டிப் பார்த்தாள். ஆடுகிற மாதிரியும் இருந்தது, ஆடாத மாதிரியும் இருந்தது. பயந்துபோய் ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டரம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாள் அவளை விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், கோடு போடச் சொன்னார், நடக்கச் சொன்னார்.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லைம்மா. எதுக்கு வந்தீங்க?"

"என் கார் என்னைச் சந்தேகப்படுதுங்க" என்று அவள் சொன்னதும் டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துத் தாஜுதீன் போன் செய்தான். குரலில் உற்சாகம் இல்லை. "அக்கா, ஆனைமலைக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வரலாமா? அந்த வண்டிய முன்னாடி வெச்சிருந்தவங்களைப் பார்க்கணும்."

"இப்ப எதுக்கு?"

"வாங்க, சொல்றேன்."

அவனுடைய பைக்கில் போனார்கள். வழியில் காற்றுக்கு மேலே கத்திக்கொண்டே அவன் விளக்கினான். "சென்சார் ஒண்ணும் கெட்டுப்போகலீங்க்கா. அந்தக் காலத்து வண்டில சீட்டுக்கு அடியில ஒரு பெட்டி வெச்சிருந்தாங்க. பழக்கப்பெட்டின்னு சொல்லுவோம். ஓட்டறவரு கைய, கால அது வருசக்கணக்காப் பார்த்துப் படிச்சுக்கும். அவருக்கு எங்க தப்பு வருதோ அதைச் சத்தமில்லாமத் திருத்திக் குடுக்கும்."

"திருத்தறதுன்னா?"

"கால்ல பலம் இல்லாதவருன்னா பிரேக்கை அதுவே சேர்த்து அமுக்கும். கை நடுங்கறவருன்னா, அந்த நடுக்கத்துக்கு எதிரா ஸ்டீரிங்கை அதுவும் ஆட்டும். ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு, ஸ்டீரிங் ஆடாம நிக்கும். ஓட்டறவருக்குத் தன் கைய யாரோ புடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும்."

"எனக்கு ஏன் நடுங்குது?"

"நீங்க நல்லா இருக்கறதாலதான். எதிர்ல நடுக்கம் வரும்னு அது ஆட்டுது. உங்க கையில நடுக்கம் இல்ல. அப்ப அது ஆட்டறது மட்டும் மிச்சம். வரவேண்டிய நடுக்கம் வரலியேன்னு சென்சார் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி விளக்கைப் போட்டுருது. இதை இப்ப வர்ற வண்டில வெக்கக் கூடாதுன்னு கவர்மெண்ட்ல நிறுத்திட்டாங்க. நானே இது மாதிரி ஒண்ணு ரெண்டுதான் பார்த்திருக்கேன், அதனாலதான் இத்தனை நாள் தட்டுக்கெட்டுப்போயிட்டேன்."

ஆனைமலையில் அந்தப் பெரியவரின் மகள் செல்வநாயகி மோர் கொடுத்து உட்காரவைத்தாள். அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது என்றாள். தாஜுதீன் பெட்டியைப் பற்றிக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"விக்கறப்ப அதை அழிச்சுட்டுக் குடுக்கச் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு வரலீங்க. அப்பா கை அதுல இருக்குதேன்னு தோணிச்சு."

"அவருக்குக் கை நடுங்குமுங்களா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"வீட்டுல நடுங்கும். டம்ளரைப் புடிக்க முடியாது. டாக்டர்கிட்டப் போலாம்னு கூப்பிட்டா, 'வியாதிக்காரன் இப்படிக் கார் ஓட்டுவானா?'ன்னு கேப்பாரு. வால்பாறை மலைக்கே ஓட்டிட்டுப் போய் வந்தவருங்க. எங்களுக்கும் அது சரின்னுதான் பட்டுது. அந்த வண்டில உக்கார்ந்தா அவரு ராஜா. ஒரு நாள் வண்டிய விட்டு எறங்கி வாசப்படி ஏறறப்ப விழுந்துட்டாரு. அப்புறந்தான் டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடினோம். 'ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா நடமாட்டத்தையாவது காப்பாத்தியிருக்கலாமே, எங்க போயிருந்தீங்க?'ன்னு கேட்டாரு. என்ன பதில் சொல்றது? கார்ல போயிட்டிருந்தார்னா சொல்ல முடியும்?"

செல்வநாயகி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது நடுக்குவாதமாம், அந்த நடுக்கத்துக்கென்று ஒரு வேகம் உண்டாம், அந்த வியாதி வந்தவர்கள் எல்லாருக்கும் அது கிட்டத்தட்ட ஒரே வேகம்தானாம், டாக்டர் சொன்னார் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்ற எழுந்து போனாள்.

கோகிலவாணி வெளியே வந்து அந்த வீட்டு வாசலில் நின்றாள். மனதில் ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. பைக்குக்குப் பக்கத்தில் போகும்போதுதான் அது என்னவென்று புரிந்தது.

"தாஜு, நல்ல கை பட்டா விளக்கு எரியும்னுதானே சொன்ன?"

"ஆமாங்க்கா."

"அப்ப மாஸ்டர் ஓட்டும்போது ஏன் எரியல?"

தாஜுதீன் அவளைப் பார்க்கவில்லை. எதிரே குவிந்து கிடந்த தேங்காய் மட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்தக் கேள்வி அவனுக்குப் போன் செய்வதற்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும், அதனால்தான் போனில் அந்தக் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. பைக்கின் சீட்டில் சாய்ந்துகொண்டாள்.

போன வருடத்திலிருந்து அவர் பட்டன் வைத்த சட்டையே போடுவதில்லை. புழுக்கமாக இருக்கிறது என்று டீ-ஷர்ட்டுக்கு மாறிவிட்டார். கல்யாணப் பந்தியில் சாம்பார் வேண்டாம், ரசம் வேண்டாம் என்று கெட்டித் தயிர்சாதத்தோடு எழுந்துவிடுவார். டீயை முக்கால் டம்ளர்தான் ஊற்றச் சொல்வார். சர்க்கரைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து அவள் பெருமைகூடப் பட்டிருந்தாள். வேலையிலோ பழகுகிறவர்கள்தான் ஓட்டுவார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலால் தன் பிரேக்கை மிதித்தால் போதும், கை இரண்டும் மடியில் கிடக்கும். மடியில் கிடக்கிற கையை யார் பார்க்கிறார்கள்? கூடவே படுத்து எழுகிற தானே பார்க்கவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பொங்கி வந்தது.

"அரைமணி நேர வேலைக்கா. பெட்டிய அழிச்சர்றேன். அப்புறம் உங்களுக்கு ஒரு விளக்கும் எரியாது" என்றான் தாஜுதீன்.

"அவருக்கு?"

"அவரு கை எப்படி ஆடுதோ அப்படியே ஸ்டீரிங்கும் ஆடும்."

"வேண்டாம், அழிக்காத. ரோட்டுல ஒண்ணு ஆகித்தான் அவருக்குத் தெரியணும்னு இல்ல."

வீட்டுக்கு வந்தபோது மாஸ்டர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை. பெட்டியைப் பற்றி, பெரியவரைப் பற்றி, வாசற்படியில் விழுந்ததைப் பற்றி எல்லாவற்றையும் நின்ற வாக்கிலேயே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியை மறுபடி வாளியில் போட்டு மறுபடி பிழிந்தார்.

"எவன் சொன்னான்? தாஜுவா? அவனுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் குடுத்ததே நானு."

"கைய நீட்டுங்க, பார்க்கலாம்."

"எதுக்கு நீட்டணும்? நான் என்ன பள்ளிக்கூடத்துலயா இருக்கறேன்? இந்த வண்டி எனக்கு ராசி. அவ்வளவுதான்."

"ஏனுங்க, ஒரு தடவை டாக்டர்கிட்டப் போய்ட்டு..."

"போனா என்ன ஆகும் தெரியுமா உனக்கு?" அவர் குரல் உயர்ந்தது. "லைசென்ஸைப் புடுங்கிருவாங்க. கை ஆடற மாஸ்டர்கிட்ட எவன் புள்ளைய அனுப்புவான்? பொள்ளாச்சியில நான் தலை நிமிர்ந்து நடக்கறது இந்த ஒரு கையாலதான். அதுவும் போச்சுன்னா வீட்டுல உக்கார்ந்து உன் மூஞ்சியைப் பார்த்துட்டிருக்கறதா?"

வாளியை எட்டி உதைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தண்ணீர் கார் டயர் வரை ஓடியது. கோகிலவாணி அங்கேயே நின்றாள். அவர்மேல் கோபமும் வந்தது, அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. மிரட்டினால் வரமாட்டார் என்பது இருபது வருடக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரியாததா? அவர் கௌரவத்தில் கை வைக்காமல்தான் அவரைக் கிளப்ப முடியும்.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் இட்லியை வைத்துவிட்டு, பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "கோயமுத்தூர்ல எனக்கு நரம்பு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கறேன். முன்னாடி ஒருவாட்டி போனேன். திரும்ப வரச் சொல்லியிருக்காங்க."

திரும்ப வரச் சொன்னது பொய். டோக்கன் போட்டது நிஜம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கென்ன?"

"ஸ்டீரிங் புடிச்சாக் கை நடுங்குதுங்களே. நீங்கதானே சொன்னீங்க."

அவர் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நானே ஓட்டிட்டுப் போலாம்னு பார்க்கறேன். கோயமுத்தூர் ரோட்டுல தனியாப் போகப் பயமா இருக்குது. மாஸ்டர் யாராச்சும் பக்கத்துல உக்கார்ந்தாத் தேவலை."

அவர் இட்லியைப் பிட்டார், சட்னியில் தொட்டார், சாப்பிடாமல் தட்டிலேயே வைத்தார். பிறகு எழுந்து கை கழுவினார். டீ-ஷர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு போய், காரில் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்தார். பழகுகிறவருக்குப் பக்கத்தில் மாஸ்டர் உட்காரும் இடம் அதுதான்.

கார் கிளம்பியது. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து முடித்தன. ஸ்டீரிங் அவள் கையில் உதறிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. இவர் ஒரு நாள் முழுக்க, தூங்குகிற நேரம் போக, இப்படித்தான் இருக்கிறாரா என்று நினைத்தாள். நினைக்க நினைக்கப் பிடி இறுகியது. இறுகியதும் உதறல் இன்னும் கூடியது. கிணத்துக்கடவு பாலத்தில் ஏறும்போது கார் லேசாகக் கோடு மாறிப் போனது, பின்னால் வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

"லூசாப் புடி" என்றார் அவர்.

"நடுங்குதுங்க."

"அதான் சொல்றேன். இறுக்கிப் புடிச்சா ஜாஸ்தியாத்தான் ஆகும். தோளைத் தளர்த்து. முழங்கையை உடம்போட ஒட்டி வெச்சுக்க. கையைப் பார்க்காத, ரோட்டை மட்டும் பாரு. பார்த்தா இன்னும் ஆடும்."

அவர் சொன்ன மாதிரியே செய்தாள். உதறல் நிற்கவில்லை, ஆனால் தாங்கிக்கொள்கிற அளவுக்கு அடங்கியது. கார் நேராகப் போனது. இத்தனை விவரமாகச் சொல்கிறாரே, இது எந்த டிரைவிங் பாடத்தில் இருக்கிறது என்று அவள் யோசித்தாள். கேட்கவும் செய்தாள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தென்னந்தோப்புகள் முடிந்து பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், கம்பெனி மதில் என்று வந்துகொண்டிருந்தன. மடியில் வலது கை ஆடிக்கொண்டிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"போன பொங்கலுக்கு முன்னாடியிருந்து" என்றார்.

அவள் ரோட்டை மட்டும் பார்த்தாள். கண் மங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி ஸ்டீரிங்கை லேசாகப் பிடித்தாள்.

உக்கடம் நெருங்கியதும் அவர்தான் பேசினார். "டாக்டர்கிட்ட யாரு பேர்ல டோக்கன் போட்டிருக்கற?"

"என் பேர்லதான்."

"இந்த சிக்னல்ல நிறுத்தினதும் போனைப் போட்டு என் பேருக்கு மாத்தச் சொல்லிரு" என்றார் மாஸ்டர்.